குறவஞ்சி அரங்கும் கண் செவிப் புலன் குறைந்த அவையினரும்

இயல் ஓதி உணரப்படுவது. இசை கேட்டு உணரப்படுவது. நாடகம் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கிக் காட்சியோடு கூட்டித் தருவது. முத்தமிழின் இப்பாகுபாட்டை நாம் பலகாலும் மாணவர்க்கு உரைத்து வருகிறோம். ஆயின் இதனுள் ஒரு வினா மறைந்து கிடக்கிறது. கண்டும் கேட்டும் நுகரப்படுவதே நாடகம் எனின், கண் காணாதார்க்கும் செவி கேளாதார்க்கும் நாடகம் உண்டோ, இல்லையோ? உண்டு எனின் எவ்வழி உண்டு? இல்லை எனின், அஃது அவர்தம் உடற்குறையால் நேர்ந்ததோ, அரங்கை அமைத்தோர் குறையால் நேர்ந்ததோ?

இவ்வினாவை ஒரு நாடக நூலைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு நாம் தேர்ந்துகொண்டது திருக்குற்றாலக் குறவஞ்சி. தென்காசிக்கு அண்மையில் உள்ள மேலகரத்திற் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதனைப் பாடினார். இந்நூற்பொருட்டு அவர் நிலக்கொடை பெற்றார் என்பதும், அந்நிலம் குறவஞ்சிமேடு எனப் பெயர் பெற்றது என்பதும் பலரும் அறிந்தவை. இதன் சொல்நயம், சந்தநயம், மலைவளம் ஆகியவற்றை ஆய்வாளர் பலர் விரித்துரைத்துள்ளனர். இதனை நடித்துக் காட்டுங்கால் அவையில் யார் யார் நுகர இயலும் என்பது அவ்வளவாக ஆராயப்பட்டிலது.

1. பழைய நூல்களில் அவையினர்

அரங்கின் அமைப்பைப் பற்றி நம் முன்னோர் நுட்பமாகச் சிந்தித்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவு வகுக்கிறது. எழினி மூவகை என்கிறது. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு அமைக்கவேண்டும் என்பதையும் மறவாது சுட்டுகிறது. காண்போன் கண்ணுக்கு ஒரு நிழலும் தடையாகலாகாது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. இதனை அவையினர்பாற் கொண்ட அக்கறை என்றே நாம் கொள்ளல் வேண்டும்.

அதே காப்பியம், இந்திர விழாவைக் கூறுமிடத்தில் இலஞ்சி மன்றம் ஒன்றைக் காட்டுகிறது. கூனர், குறளர், ஊமர், செவிடர், நோயால் மெய் அழுகியோர் ஆகியோர் அங்குள்ள பொய்கையில் மூழ்கி நன்னிலை எய்துவர் என்பது அப்பகுதியின் கருத்து. புறநானூற்றின் 28-ஆம் பாட்டும் மக்கட்பிறப்பில் நேரும் எண்வகைக் குறைகளை எச்சம் என்னும் பெயரால் தொகுத்துரைக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். உடற்குறையுடையோரை நம் இலக்கியம் மறந்துவிடவில்லை. ஆயின் அவர்களைக் குறை நீங்கவேண்டியவர்களாகவே கண்டது. ஒரே நகரில் அரங்கும் உண்டு, பொய்கையும் உண்டு. செவிடர் பொய்கைக்கு அனுப்பப்பட்டனர். அரங்கின்முன் அவர்க்கு இருக்கை இடப்பட்டதாகக் காண்கிலோம்.

இதற்கு மாறான மற்றொரு மரபும் நம்மிடம் உண்டு. அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணொளி இன்றியே கலம்பகமும் புராணமும் பாடினார். 19-ஆம் நூற்றாண்டிற் பழனியில் வாழ்ந்த மாம்பழக்கவிச்சிங்க நாவலர் இளமையில் அம்மை நோயால் பார்வை இழந்தவர். இவர்களைப் புலவர் அவை ஏற்றுப் போற்றியது. கண்ணிழந்தவர் கலையைப் படைக்க வல்லவர் என்பதை ஒப்புக்கொண்ட தமிழுலகம், கண்ணிழந்தவர் கலையை நுகரும் முறை யாது என்று தனியே ஆராயாது விட்டது வியப்பிற்குரியது.

2. மெய்ப்பாட்டியல் கூறுவது

இவ்விடத்தில் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலின் இறுதி நூற்பா நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. கண்வழியும் செவிவழியும் உறுதிபெற உணரவல்ல உணர்வு வாய்த்தவர்க்கே மெய்ப்பாட்டின் நயம் விளங்கும், ஏனையோர்க்கு அஃது எட்டாது என்பது அதன் திரண்ட கருத்து. மேற்போக்காக நோக்குவார்க்கு இது கண்ணில்லாரையும் செவியில்லாரையும் விலக்குவது போலத் தோன்றலாம்.

ஆயின் அங்ஙனம் பொருள் கொள்ளுதல் பொருந்துமா? உம் என்னும் இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் வகுத்தவர் தொல்காப்பியரே. கண், செவி என்னும் இரண்டன்மேலும் வந்த உம்மை எண்ணும்மை. எண்ணும்மை எண்ணப்பட்ட பொருள்களை நிரல்படுத்துமேயன்றி, எல்லாம் ஒருங்கே இருந்தாலன்றி வினை நிகழாது என எப்போதும் வற்புறுத்துவதில்லை. ‘இவ்வூர்க்குப் பேருந்திலும் புகைவண்டியிலும் வரலாம்’ என்றால், இரண்டிலும் ஏறினாலன்றி வர இயலாது என்பது பொருளன்று. வழிகள் இரண்டு என்பதே பொருள். அவ்வாறே கண்ணும் செவியும் மெய்ப்பாடு உள்ளே புகும் வாயில்கள். நூற்பாவின் பொருட்சுமை வாயில்களின்மேல் இல்லை. உள்ளே இருந்து உணரும் உணர்வின்மேல் உள்ளது. விலக்கப்படுவோர் புலன் குறைந்தவர் அல்லர், உணர்வு குறைந்தவர்.

உடற்குறையுடைய அவையினரைக் கருதியே ஆசிரியர் இந்நூற்பாவை யாத்தார் என நாம் கூறவில்லை. நூற்பாவின் சொல்லமைதி அவர்களை விலக்குதற்கு இடந்தரவில்லை என்பதே நம் கருத்து. ஒரு வாயில் அடைபட்டபோது மற்றொரு வாயிலை அகலத் திறத்தல் அரங்கினர் கடமை என்பது இதனால் பெறப்படும்.

3. செவிவழிக் காட்சி

இனி, குறவஞ்சியை நோக்குவோம். இந்நாடகத்தில் எவரும் வாளா வந்து நிற்பதில்லை. முதலிற் கட்டியக்காரன் தோன்றுகிறான். குற்றாலநாதர் பவனி வரும் செய்தியைக் கூறுகிறான். வசந்தவல்லி வருகிறாள் எனின், அவள் வருகையைக் கவிக்கூற்றாக அமைந்த பாட்டு முன்னறிவிக்கிறது. கூந்தல், புருவம், கண் என உறுப்புறுப்பாக அவள் தோற்றத்தைத் தீட்டுகிறது. அவள் பந்தாடுங்கால் பாட்டின் சந்தமே பந்தாகத் துள்ளுகிறது. கண்ணை மூடிக் கேட்பினும் பந்து எழுவதும் வீழ்வதும் தெரிகின்றன. குறத்தி வருங்காலும் சிங்கன் வருங்காலும் இம்முறையே பின்பற்றப்படுகிறது.

சிங்கனும் சிங்கியும் மீண்டும் கூடும் காட்சி இதற்குச் சிறந்த சான்று. குறி சொல்லிப் பரிசு பெற்ற சிங்கி உடலெங்கும் அணி பூண்டு நிற்கிறாள். சிங்கன் ஒவ்வோர் அணியாகச் சுட்டி, அது யாது என்று வினவுகிறான். காலிற் கிடப்பது விரியன் பாம்போ என்று அவன் அஞ்ச, அது சேலத்து நாட்டிற் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்று அவள் விடை கூறுகிறாள். செத்த தவளையைக் காலிற் கட்டியது ஏன் என்று அவன் வினவ, அது மணிக்கெச்சம் என்கிறாள். நகைச்சுவைக்காக அமைந்த உரையாடல் என்றே இதனை இதுகாறும் கூறிவந்தோம். நகைச்சுவையோடு இது மற்றொரு பணியையும் செய்கிறது. ஒப்பனை முழுவதையும், காண்பார்க்குக் காட்சியாகவும் காணாதார்க்குச் சொல்லாகவும் ஒரே நேரத்தில் வழங்குகிறது.

இதனினும் ஆழ்ந்த சான்று பறவைக் காட்சி. பறவைகள் வருகின்றன, இறங்குகின்றன, மேய்கின்றன என்று சிங்கன் அடுக்கிப் பாடுகிறான். மேடையில் ஒரு பறவையும் இல்லை. கண்ணுடையாரும் அப்பறவைகளைப் பாட்டின் வழியேதான் காண்கின்றனர். குறத்தி கூறும் மலைவளமும் அத்தகையதே. அக்காட்சிகள் நிகழும் பொழுதில், அவையில் அருகருகே அமர்ந்த கண்ணுடையாரும் கண்ணில்லாரும் ஒரு நிலையினர் ஆகின்றனர். இந்நிலையை உண்டாக்கியது கவிராயரின் நாடக முறை.

இக்காலத்தில் மேலைநாட்டு அரங்குகளில் காட்சி விவரிப்பு என்னும் முறை வழங்குகிறது. மேடையிற் சொல்லின்றி நிகழ்வனவற்றை ஒருவர் மெல்லிய குரலில் எடுத்துரைக்க, பார்வையற்றோர் காதுக்கருவி வழியே கேட்பர். அமெரிக்காவில் வாசிங்டன் நகரத்து அரினா மேடையில் 1981-இல் இது முறையாகத் தொடங்கியது. புதியது எனப் போற்றப்படும் இம்முறையின் கருத்து, நம் கட்டியக்காரனுக்குப் புதியதன்று.

ஆயினும் பழம்பெருமை பேசி அமைதல் போதாது. குறவஞ்சியிலும் செவிக்கு எட்டாத இடங்கள் உண்டு. வசந்தவல்லி கூடல் இழைக்கும்போது வளையத்தின் முனைகள் கூடினவா என்பது கையசைவில் உள்ளது. குறத்தி கைபார்க்கும்போது அவள் முகத்திற் தோன்றும் குறும்பு சொல்லில் இல்லை. சிங்கன் கண்ணி குத்தும் நடையிலும், நூவனோடு அவன் படும் பாட்டிலும் எழும் நகை பெரும்பாலும் மெய்ப்பாட்டால் விளைவது. அவையோர் சிரிக்கத் தாம் மட்டும் காரணம் அறியாது அமர்ந்திருத்தல் எத்துணைத் துன்பம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மேலும், 1944-இல் ருக்மிணி தேவி கலாச்சேத்திரத்தில் இந்நூலை நாட்டிய நாடகமாக அமைத்தார். அதன்பின் குறவஞ்சிக்குப் புதுவாழ்வு பிறந்தது. நாட்டிய நாடகத்தில் ஆடுவோர் வேறு, பாடுவோர் வேறு. கால அளவு கருதிக் கட்டியக்காரன் பகுதியையும் வருகை விருத்தங்களையும் குறைக்க நேர்ந்தால், குறைவது பாட்டு மட்டுமன்று; கண்ணில்லார்க்கு அமைந்த வாயிலும் அடைபடும். பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை நீக்கும்போது காரணம் காட்டுகிறார். மேடையமைப்போரும் ஒரு விருத்தத்தை நீக்குமுன், அதனால் எவர் காட்சி இழப்பர் என்று எண்ணுதல் நன்று.

4. செவி கேளாதார் நிலை

செவிவழி இத்துணைச் செழித்த நாடகம், செவி கேளாதார்க்கு அவ்வளவு எளிதன்று. அவர்க்குப் பறவைகள் அபிநயத்தில் மட்டுமே உள்ளன. கைம்முத்திரைகள் இருக்கின்றனவே, அவை போதாவோ எனச் சிலர் வினவலாம். அடியார்க்கு நல்லார் ஒற்றைக்கை, இரட்டைக்கை வகைகளை விரித்துக் கூறியுள்ளார். ஆயின் முத்திரை வேறு, சைகை மொழி வேறு. முத்திரை பாட்டின் பொருளைத் தழுவி நிற்கும் கலைக்குறி. பாட்டை அறியாதார்க்கு அது முழுமையாக விளங்காது. சைகை மொழியோ தனக்கென இலக்கணமுடைய மொழி. 2015-இல் புதுதில்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் ஒரு நடுவண் நிறுவனம் அமைக்கப்பட்டமை இதனை வலியுறுத்தும்.

பாடல் வரிகளை மேடையருகே எழுத்தாகக் காட்டுதல் மற்றொரு வழி. வளர்ந்தபின் செவிப்புலன் இழந்தார்க்கும் முதியோர்க்கும் இது பெரும்பயன் தரும். சந்தி பிரித்து எழுதினால் செவியுடைய மாணவர்க்கும் பயன்படும். பிறவியிலேயே செவி கேளாத ஒருவர்க்கு முதல் மொழி சைகை மொழியாக இருத்தல் கூடும். அவர்க்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சிலேடையும் மடக்கும் செறிந்த 18-ஆம் நூற்றாண்டுச் செய்யுள் மூன்றாம் மொழி போன்றது. அவர் முன் வரிகளை மட்டும் ஓடவிடுதல் விருந்தினர்க்குப் பூட்டிய பெட்டியை அளிப்பது போலாம். அவர்க்குச் சைகை மொழி வல்லார் ஒருவர், ஒளி விழும் இடத்தில், நடிப்போர்க்கு அருகில் நின்று பொருளைப் பெயர்த்துத் தருதல் வேண்டும். சிலேடையைச் சைகையிற் பெயர்த்தல் எங்ஙனம் என்பது அரிய ஆராய்ச்சி. தமிழாசிரியரும் சைகை மொழியாளரும் செவி கேளாதாரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி அது.

தென்பாண்டி நாட்டின் பிற கூத்துக்களும் இங்கு நோக்கத்தக்கன. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ என வாங்கிப் பாடுதலால் கதை இருமுறை செவிக்கு எட்டுகிறது. சுடலைமாடன் கோயில்களில் நிகழும் கணியான் கூத்தில் மகுடத்தின் அதிர்வு தரைவழியும் உடலிற் பாய்கிறது. செவி கேளாதாரும் தாளத்தை உடலால் உணர இயலும். அன்றியும் அக்கூத்து உயர்ந்த மேடையோ படியோ வேண்டாது நிலத்திலேயே நிகழ்கிறது.

5. குற்றாலத்துச் சித்திர சபை

குற்றாலத்திற்கே உரிய மற்றொரு கலைச்செல்வம் சித்திர சபை. ஐந்து சபைகளுள் தில்லையிற் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையிற் செம்பு, திருவாலங்காட்டில் மணி, இங்கோ ஓவியம். ஆடவல்லானின் கூத்து இங்குச் சுவரில் வண்ணமாக நிற்கிறது. ஒலியற்ற கூத்து அது. செவி கேளாதார்க்கு அதன்முன் ஒரு தடையும் இல்லை. கண் காணாதார்க்கோ அது வெறுஞ்சுவர்.

ஓரூரிலேயே செவிக்கு அமைந்த நாடகமும் கண்ணுக்கு அமைந்த கூத்தும் உள்ளன. ஒன்றிற் கண்ணில்லார் நிறைவுறுகின்றனர். மற்றொன்றிற் செவியில்லார் நிறைவுறுகின்றனர். எனவே ‘குறை’ என்பது ஒருவர் உடலில் நிலைத்து நிற்கும் பண்பன்று. கலை அமைந்த முறைக்கும் நுகர்வோர் புலனுக்கும் இடையே தோன்றுவது. கலையின் அமைப்பை விரிவாக்கினால் குறை சுருங்கும். சித்திர சபையின் ஓவியங்களைத் தொடுதல் அவற்றைக் கெடுக்கும். ஆனால் விரலால் தடவி உணரத்தக்க புடைப்புருவப் படி ஒன்றை மரத்தில் அமைத்து வைத்தல் இயலாததன்று.

6. சட்டமும் அரங்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் 11.79 இலட்சம் பேரும் மாற்றுத்திறனாளர். 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கை, தன் 30-ஆம் உறுப்பில் நாடகத்தைப் பெயர் சுட்டியே கூறுகிறது. இந்தியா 2007-இல் அதனை உறுதிசெய்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலைகளை அவர்கள் நுகருமாறு ஆக்குதலையும், பண்பாட்டுக் கலைப் பாடத்திட்டங்களைத் திருத்தி அமைத்தலையும் அரசின் கடமையாக்குகிறது. பாடத்திட்டம் பற்றிய இக்கூற்று பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளை நேரே நோக்கியது என்பதை நாம் உணர்தல் வேண்டும். அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விடலாகாது, கட்டாயமாக்குதல் வேண்டும் என 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

திரைப்படத்திற்கு 2024 மார்ச்சில் நடுவண் அரசு தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மேடை நாடகத்தின் இயல்பு வேறு. திரைப்படத்திற்கு ஒருமுறை விவரிப்பைப் பதிவு செய்துவிட்டால் அஃது என்றும் பயன்படும். மேடையிலோ இன்று பாடகர் ஒரு சங்கதியை நீட்டுவார். நாளை சிங்கன் ஒரு புது நகைச்சொல்லைச் சேர்ப்பான். ஆதலின் விவரிப்போர் ஒவ்வொரு முறையும் உடனிருந்து, நாடகத்தோடு மூச்சுவிடுதல் வேண்டும். பந்தாட்டப் பாட்டின்போது அவர் வாய் திறத்தலாகாது. அங்குச் சந்தமே விவரிப்பு. பாட்டு இடைவிடாது தொடரும் குறவஞ்சியில், விவரித்தற்கு இடைவெளி மிகக் குறைவு. எனவே நாடகம் தொடங்குமுன் ஒரு முன்னுரையும், வசந்தவல்லியின் பந்து, குறத்தியின் கூடையும் கோலும், சிங்கனின் கண்ணி ஆகியவற்றைத் தொட்டறியும் வாய்ப்பும் இன்றியமையாதன.

7. தடைகளும் விடைகளும்

இவற்றால் நாடகச் சுவை கெடும் என்பார் உளர். கட்டியக்காரன் அறிவிப்பால் குறவஞ்சியின் சுவை கெட்டதா என்று அவரை வினவலாம். செலவு மிகும் என்பாரும் உளர். சாய்தளம் ஒன்று, சக்கர நாற்காலிக்குக் கடைசி வரிசையன்றி நடுவில் ஓர் இடம், உடன் வந்தவர் அருகே அமர ஓர் இருக்கை, நூலின் பிரெயில் படி ஒன்று, சைகை மொழியாளர் ஒருவர் ஆகியன ஒரு நாடகத்தின் ஒப்பனைச் செலவை நோக்கப் பெரியன அல்ல. அறிவு வளர்ச்சியில் வேறுபாடுடைய குழந்தைகளும் பெற்றோரும் வரும் நாளில், பேரொலியைக் குறைத்து, எழுந்து நடமாட இசைவளித்தலுக்குச் செலவே இல்லை.

தென்காசி வட்டாரத்திற்கு இப்பணி அயலானதன்று. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பார்வையற்றோர்க்கும் செவி கேளாதோர்க்கும் பள்ளிகள் தோன்றின. 2019-இல் தனி மாவட்டமான தென்காசி அம்மரபிற்கும் உரிமையுடையது. சாரற்காலத்தில் குற்றாலத்தில் விழா எடுத்தல் வழக்கம். மழையால் வழுக்கும் தரையும் சரிவும் மிகுந்த அவ்வூரில், அரங்கிற்குள் அடைதலே சிலர்க்கு அரும்பாடு என்பதையும் நினைவிற்கொண்டு, அங்குக் குறவஞ்சியை எல்லார்க்கும் உரியதாக ஒருமுறை நடித்துக் காட்டல் வேண்டும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் கவிதையை வாய்விட்டுப் பாடிப் பிறர் செவியில் ஏற்றி மகிழ்ந்த ஊர் அது. முயற்சி சரியா என்று தீர்ப்புக் கூறும் உரிமை, அதனைச் செய்த நமக்கன்று. அவையில் அமர்ந்து நுகர்ந்த மாற்றுத்திறனாளர்க்கே உண்டு.

புறநானூறு வழங்கிய எச்சம் என்னும் சொல்லை இலக்கண நூலாரும் ஆள்கின்றனர். பெயரெச்சமும் வினையெச்சமும் பிழைபட்ட சொற்கள் அல்ல. முடிக்குஞ்சொல் வந்து சேரும்வரை காத்து நிற்பவை. வாக்கியம் நிரம்பாது நின்றால், குறை எச்சத்தின்மேல் இல்லை. முடிக்குஞ்சொல்லைத் தாராது விட்டவர்மேல் உள்ளது. நாடகம் நடத்துவோர்க்கும் நாடகம் கற்பிப்போர்க்கும் இவ்விலக்கணம் பொருந்தும் என்பது நம் துணிபு.